டிஸ்னிலாந்துக்கு ரயிலில் போகும் குடும்பங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும், லண்டன், ஜெர்மனி பக்கமிருந்தும் உறவினர்கள் பிள்ளைகுட்டிகளோடு பாரிசுக்கு வருகிறார்கள். ஈஃபில் கோபுரம் பார்த்து முடிந்ததும் பிள்ளைகள் கேட்பது டிஸ்னிலாந்து. அங்கே எப்படிப் போவது என்பதற்குப் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்குங்கள்.’ ஆர்.இ.ஆர். என்பது பாரிசையும் புறநகரையும் இணைக்கும் ரயில்; ஏ அதில் ஒரு வழித்தடம். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பும் குடும்பங்கள் பரிசோதகரிடம் அபராதம் கட்டுகின்றன; இல்லையென்றால் வேறு கிளைப் பாதையில் போய், பெயர் தெரியாத நிலையத்தில் பிள்ளைகளோடு நிற்கின்றன. தங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுப் பயணம் திட்டமிடுகிறவர்கள் பலர். அவர்களுக்காக அந்த ஒரு வரியை விரித்து எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். தொல்லையில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. 2025 ஜனவரி 1-க்கு முன் ஆர்.இ.ஆர். கட்டணம் தூரத்தைப் பொறுத்து மாறும். டிஸ்னிலாந்துக்குத் தனி விலையில் சீட்டு எடுக்க வேண்டும். அந்த முறை போய்விட்டது. இப்போது பாரிசும் சுற்றுப்புறமும் சேர்ந்த இல்-த-ஃபிரான்ஸ் பகுதி முழுவதற்கும், விமான நிலையங்கள் நீங்கலாக, மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஆர்.இ.ஆருக்கும் ஒரே சீட்டு. அறிமுகமானபோது விலை 2.50 யூரோ. ஜனவரிதோறும் சில சென்ட் கூடலாம் என்பதால் இயந்திரத்தில் காட்டும் தொகையையே கணக்கில் கொள்ளுங்கள். பழைய வழிகாட்டிகளில் உள்ள ‘ஐந்தாம் மண்டலச் சீட்டு’ கணக்கை மறந்துவிடலாம். உறவினர் வீட்டு இழுப்பறையில் கிடக்கும் பழைய ‘டி பிளஸ்’ காகிதச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆர்.இ.ஆரில் அது பாரிஸ் நகர எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியானது. டிஸ்னிலாந்து வரைக்கும் ஒருபோதும் செல்லுபடியானதில்லை.

இந்தச் சீட்டு காகிதமாக வராது. ‘நவிகோ ஈஸி’ என்ற அட்டையை 2 யூரோவுக்கு வாங்கி அதில் ஏற்ற வேண்டும். இங்கேதான் குடும்பங்கள் தவறுகின்றன. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே அட்டையில் நான்கு சீட்டு ஏற்றுகிறார்கள். அப்பா நிலைய நுழைவுக் கதவில் தட்டிவிட்டு உள்ளே போய் அட்டையை அம்மாவிடம் நீட்டுகிறார். கதவு திறக்க மறுக்கிறது. அட்டையைப் பொறுத்தவரை உள்ளே போன பயணி ஒருவர்தான். அவர் பயணம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. பின்னால் ஒட்டிக்கொண்டு நுழைந்துவிட்டால் பரிசோதகர் கணக்கில் மற்ற மூவரும் சீட்டு இல்லாதவர்கள். ‘அட்டையில் மீதி மூன்று சீட்டு இருக்கிறதே’ என்று காட்டினாலும் எடுபடாது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். கைபேசியில் ஏற்றினால் ஆளுக்கு ஒரு கைபேசி.

லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே வங்கி அட்டையைத் தட்டி ரயில் ஏறும் பழக்கத்தில், இங்கும் கதவில் வங்கி அட்டையைத் தட்டுகிறார்கள். அது இங்கே வேலை செய்யாது. வங்கி அட்டை இயந்திரத்தில் சீட்டு வாங்குவதற்கு மட்டும். இயந்திரத்தில் ஆங்கிலம் உண்டு. அட்டையை அதற்கான தட்டில் வைத்துவிட்டு, திரையில் முடிந்தது என்று வரும்வரை எடுக்காதீர்கள். நடுவில் எடுத்தால் சீட்டு ஏறாது. திரையில் ‘பஸ்–டிராம்’ சீட்டு என்று கொஞ்சம் விலை குறைவாக இன்னொன்று தெரியும். அதை வாங்கினால் ஆர்.இ.ஆர். கதவு திறக்காது.

பிள்ளைகளின் வயதுக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரயிலுக்கு ஒரு கணக்கு, பூங்காவுக்கு வேறு கணக்கு. ரயிலில் 4 வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். 4 முதல் 9 வயது வரை அரைக்கட்டணம். 10 வயது ஆனதும் முழுக்கட்டணம். பூங்காவிலோ 3 வயது நிறையாத குழந்தைக்கு மட்டுமே இலவசம். 3 முதல் 11 வரை சிறுவர் சீட்டு. 12 முதல் பெரியவர். ஆக, 3 வயதுப் பிள்ளை ரயிலில் இலவசமாகப் போய்ப் பூங்கா வாசலில் காசு கொடுக்கிறது. 10, 11 வயதுப் பிள்ளைகள் பூங்காவில் சிறுவர், ரயிலில் பெரியவர். ‘டிஸ்னியில் சிறுவர் டிக்கெட்தானே எடுத்தோம்’ என்று 11 வயதுப் பிள்ளையின் அட்டையில் அரைச்சீட்டு ஏற்றுவதுதான் அபராதத்துக்கு நேர்வழி. பிள்ளைகளின் கடவுச்சீட்டு நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்பா, அம்மா, 11, 7, 3 வயதில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 2.50 யூரோ விலையில் முழுச்சீட்டு மூன்றுக்கு 7.50, அரைச்சீட்டு 1.25, கடைக்குட்டிக்கு ஒன்றுமில்லை. ஒரு வழிக்கு 8.75, போய்வர 17.50. நான்கு அட்டைகளுக்கு 8. மொத்தம் 25.50 யூரோவில் ஐவர் போய்த் திரும்பலாம். இந்தத் தொகைக்கு வேன் எங்கும் கிடைக்காது. ஒருநாள் பாஸ் 2025-இல் 12 யூரோ. ஒரே நாளில் ஐந்து தடவையாவது ஏறி இறங்கினால் ஒழிய அது நட்டம். ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு வாரப் பாஸ் உதவும். அதற்கு வேறு அட்டை வேண்டும்: ‘நவிகோ தெகுவெர்த்’, விலை 5 யூரோ, 3 சென்டிமீட்டர் உயரப் படம் ஒன்று ஒட்ட வேண்டும். அந்த வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. வியாழக்கிழமை வந்திறங்கி வாங்கினால் நான்கே நாள்தான் கிடைக்கும்.

திரும்பி வருவதற்கான சீட்டையும் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். இரவு பூங்கா மூடியதும் நிலையத்தில் இயந்திரங்களுக்கு முன் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பாதை. ஏ வழித்தடம் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். பாரிசுக்குள் சார்ல் த கோல் எத்துவால், ஓபேர், ஷாத்லே லே ஆல், கார் த லியோன், நசியோன் ஆகிய நிலையங்களில் நிற்கும். நசியோன் தாண்டி வான்சேன் என்ற நிலையம். அங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை புவாசி சேன் லேஜே போகும், மற்றக் கிளை நமக்கு வேண்டிய மார்ன் லா வலே ஷெஸ்ஸி போகும். நிலையப் பலகைகளிலும் திரைகளிலும் ஷெஸ்ஸி என்ற பெயரோடு டிஸ்னிலாந்து பெயரும் இருக்கும். இரண்டு கிளை ரயில்களும் ஒரே நடைமேடைக்கு மாறி மாறி வரும். முதலில் வந்த ரயிலில் ஏறிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

நடைமேடைக்கு மேலே தொங்கும் திரையைப் பாருங்கள். அடுத்த ரயில் எந்த நிலையங்களில் நிற்கும் என்று அதில் வரிசையாகத் தெரியும். ஷெஸ்ஸி பெயர் அதில் இருந்தால்தான் நம் ரயில். இன்னோர் அடையாளமும் உண்டு. ஒவ்வொரு ரயிலுக்கும் நான்கு எழுத்தில் ஒரு குறிப்பெயர் இருக்கும். ரயிலின் நெற்றியிலும் அதைக் காணலாம். அதன் முதல் எழுத்து போய்ச்சேரும் இடத்தைச் சொல்லும். ஆங்கில எழுத்து ‘கியூ’வில் தொடங்கினால் ஷெஸ்ஸி. வட்டத்துக்கு ஒரு வால் முளைத்த எழுத்து என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தால், பெரியவர்களுக்கு முன்பே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘ஓ’வில் தொடங்கும் ரயில் தொர்சி வரைதான் போகும். அதில் ஏறிவிட்டாலும் கெடுதல் இல்லை, நம் கிளைதான். தொர்சியில் இறங்கி, கதவைத் தாண்டி வெளியே போகாமல் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் போதும். பகலில் ஷெஸ்ஸிக்குச் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு ரயில் உண்டு. ‘என்’ அல்லது ‘ஆர்’ எழுத்தில் தொடங்குபவை புவாசிக் கிளை ரயில்கள்.

தவறிப் புவாசி ரயிலில் ஏறியிருந்தால் வான்சேனில் இறங்குங்கள். அதுதான் பொதுவான கடைசி நிலையம். இதைத் தவறவிடுகிறவர்களை இரண்டு ஊர்ப் பெயர்கள் குழப்பிவிடுகின்றன. வான்சேனுக்கு அடுத்து, நம் கிளையில் வருவது வால் த ஃபொன்தனே. புவாசிக் கிளையில் வருவது ஃபொன்தனே சூ புவா. ஒலிபெருக்கியில் ‘ஃபொன்தனே’ என்று கேட்டதும் சரியான பாதையில்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அடுத்த நிலையங்களாக நொஜோன், ழுவான்வில் என்று வரும்போதுதான் சந்தேகம் பிறக்கும். ‘வால்’ என்ற சொல் முன்னால் வருகிறதா என்று கவனித்தால் போதும். வராவிட்டால் உடனே இறங்கி, எதிர்ப்பக்க நடைமேடையில் ஏறி வான்சேனுக்குத் திரும்புங்கள். ஆனால் பயணத்தைத் தொடங்கித் தட்டியதிலிருந்து சீட்டுக்கு 2 மணி நேரம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பாரிசில் உறவினர் வீடு என்றால் பலருக்கும் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பேல் பக்கம்தான் கால் போகும். அங்கிருந்து கார் து நோர் ரயில் நிலையம் போய், பி அல்லது டி வழித்தட ரயிலில் ஒரே நிறுத்தம் போய், ஷாத்லே லே ஆலில் ஏ வழித்தடத்துக்கு மாறும்படி கைபேசிச் செயலிகள் சொல்லும். நேரக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். தள்ளுவண்டியும் சிறுபிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஷாத்லே லே ஆல் தரைக்கடியில் உள்ள மிகப் பெரிய நிலையம். பல வழித்தடங்கள் அங்கே சேர்கின்றன. கூட்டம் தள்ளிக்கொண்டு போகும் இடத்தில் பலகை பார்த்து நிற்க முடியாது. அதைவிட, லா ஷப்பேல் மெட்ரோ நிலையத்திலேயே இரண்டாம் வழித்தடத்தில் நசியோன் திசையில் ஏறுங்கள். எதிர்த்திசைப் பலகையில் போர்த் தொஃபின் என்று இருக்கும், அது வேண்டாம். பெல்வில், பேர் லாஷேஸ் வழியாகப் பதினோராவது நிறுத்தம் நசியோன். மெட்ரோவுக்கு அதுவே கடைசி நிலையம் என்பதால் தவறவிடவே முடியாது. அங்கே சிவப்பு ஏ பலகையைப் பின்பற்றி மாறிக்கொள்ளலாம். அதே ஒரு சீட்டு போதும், இடையில் ஆர்.இ.ஆர். கதவில் மீண்டும் தட்ட வேண்டியிருக்கும், புதிய சீட்டு கழியாது. லா ஷப்பேல் நிலையம் தூண்களின் மேல் உள்ளது. படி ஏறித்தான் ஆக வேண்டும். தள்ளுவண்டியை மடித்துத் தூக்க ஒரு கை வேண்டும். நசியோனிலிருந்து ஷெஸ்ஸிக்குச் சுமார் 35 நிமிடம்.

விமான நிலையத்திலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. சார்ல் த கோல் விமான நிலைய இரண்டாம் முனையத்திலிருந்து ஷெஸ்ஸிக்கு டி.ஜி.வி. அதிவேக ரயில் சுமார் 10 நிமிடத்தில் போய்விடும். அதற்குத் தனிச்சீட்டும் முன்பதிவும் தேவை, நவிகோ செல்லாது. நாள் முழுக்க அடிக்கடி ஓடுவதும் இல்லை. விமானம் தாமதித்தால் சீட்டு வீணாகும் என்பதால், இறங்கும் நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள். ஓர்லி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து வசதி கூடியிருக்கிறது. பதினான்காம் மெட்ரோ வழித்தடம் அங்கேயே வருகிறது. கார் த லியோனில் இறங்கி ஏ வழித்தடத்துக்கு மாறலாம். இரண்டு விமான நிலையங்களுக்கும் தனியான சீட்டு உண்டு. 2025-இல் அது 13 யூரோ. சாதாரணச் சீட்டு அங்கே செல்லாது. லண்டனிலிருந்து டிஸ்னிலாந்துக்கு நேரடியாக ஓடிய யூரோஸ்டார் 2023 ஜூனோடு நின்றுவிட்டது. இப்போது கார் து நோர் வந்து மாற வேண்டும். இல்லையென்றால் லில் நகரில் டி.ஜி.வி.க்கு மாற வேண்டும்.

ஏ வழித்தடத்தில் ஓடுபவை இரண்டடுக்கு ரயில்கள். பிள்ளைகள் மேலடுக்குக்கு ஓடுவார்கள். போகட்டும், மார்ன் ஆறு அங்கிருந்து நன்றாகத் தெரியும். தள்ளுவண்டி உள்ளவர்கள் கதவை ஒட்டிய நடுத்தளத்திலேயே நின்றுகொள்ளுங்கள். ரயிலில் கழிப்பறை கிடையாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். 40 நிமிடப் பயணத்தில் 4 வயதுப் பிள்ளை கேட்கும்போது தெரியும். வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். காலை அலுவலக நெரிசல் பெரும்பாலும் மேற்கே லா தெஃபான்ஸ் நோக்கிப் போகும். நாம் கிழக்கே போவதால் வான்சேன் தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். கதவருகே பையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். கதவு மூடும் நேரத்தில் பிடுங்கிக்கொண்டு இறங்குவதுதான் திருடர்களின் முறை.

பிள்ளைகள் பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவைக்க வேண்டும். மணி ஒலித்தால் கதவு மூடிவிடும். அது யாருக்கும் காத்திருக்காது. ரயிலுக்குள் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே இடத்தில் நிற்பது, நடைமேடையில் இருப்பவர் அடுத்த ரயிலில் வருவது. இதுதான் விதி. நசியோனில் பிரிந்தால் அடுத்த நிறுத்தம் வான்சேன். எந்தக் கிளை ரயிலும் அங்கே நிற்கும் என்பதால் சேர்ந்துகொள்வது எளிது. பிள்ளையின் சட்டைப்பையில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய தாள் இருக்கட்டும். எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடும் வேண்டும். இந்திய, இலங்கை எண்ணை வெறுமனே எழுதினால் இங்கே யாரும் அழைக்க முடியாது.

ஷெஸ்ஸிக்கு முந்தைய நிலையம் வால் த்யூரோப். ரயிலில் பாதிப் பேர் அங்கே இறங்குவதைப் பார்த்து, கூடவே இறங்கிவிடுகிறார்கள். அங்கே இருப்பது பெரிய வணிக வளாகமும் தங்கும் விடுதிகளும்தான். டிஸ்னிலாந்து அடுத்த நிறுத்தம். பூங்காவுக்குள் தண்ணீர்ப் போத்தலும் தின்பண்டமும் வாங்குவதை விட அங்கே உள்ள ஓஷான் பேரங்காடியில் வாங்கினால் மலிவு என்பது உண்மை. ஆனால் வெளியே போய்த் திரும்ப நுழைந்தால் ஆளுக்கு இன்னொரு சீட்டு கழியும். ஐந்து பேரோடு அதற்காக இறங்குவது கட்டுபடியாகாது. லா ஷப்பேலிலேயே வடையும் ரோல்ஸும் கட்டிக்கொள்ளலாம். சிறு தின்பண்டங்களைப் பூங்காவில் தடுப்பதில்லை. கண்ணாடிப் போத்தல், மதுபானம், பெரிய குளிர்பெட்டி, பெரிய பயணப்பெட்டி ஆகியவற்றை விடமாட்டார்கள்.

ஷெஸ்ஸியில் வெளிவரும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். உள்ளே வந்ததும் அட்டையைப் பையின் அடியில் போட்டுவிட்டு, கதவருகே நின்று தேடுகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பைகளைச் சோதிக்கும் வரிசை; அதைத் தாண்டினால் 1992 ஏப்ரல் 12-இல் திறந்த பழைய பூங்காவும், வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ் என்ற பெயரில் 2002-இல் திறந்த இரண்டாவது பூங்காவும் சில நிமிட நடையில் இருக்கின்றன. பூங்காச் சீட்டைத் தேதி குறித்து முன்பே வாங்கிவிட்டு வாருங்கள். பெரிய விளையாட்டுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு: பிக் தண்டர் மௌண்டனுக்கு 1.02 மீட்டர், ஹைப்பர்ஸ்பேஸ் மௌண்டனுக்கு 1.20 மீட்டர். வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து, எது முடியும், எது முடியாது என்று சொல்லிக் கூட்டிவந்தால் வரிசையின் முடிவில் அழுகை இருக்காது. உயரம் போதாத பிள்ளை இருந்தால், பெற்றோரில் ஒருவர் ஏறி வந்ததும் மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறும் ஏற்பாடும் உண்டு. வாசலில் நிற்கும் ஊழியரிடம் முதலிலேயே கேளுங்கள்.

திரும்பும்போது கிளைக் குழப்பம் கிடையாது. ஷெஸ்ஸியிலிருந்து மேற்கே புறப்படும் ஆர்.இ.ஆர். எதுவானாலும் நசியோன், ஷாத்லே வழியாகத்தான் போகும். அங்கே குழப்பம் கூட்டத்தால் வருவது. இரவுக் காட்சி முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நிலையத்துக்கு வருகிறார்கள். முதல் ரயிலுக்கு முண்டியடிக்க வேண்டாம். ரயில் இங்கேயே புறப்படுவதால், ஒன்றை விட்டு அடுத்ததில் ஏறினால் தூங்கும் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்து வரலாம். கடைசி ரயில் நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் போய்விடும். பாரிஸ் மெட்ரோ சாதாரண நாளில் 1.15 மணி அளவிலும், வெள்ளி, சனி இரவுகளில் 2.15 மணி அளவிலும் நிற்கும். கடைசி ஆர்.இ.ஆருக்குக் காத்திருந்தால் மெட்ரோவுக்கு மாறும் நேரம் கைநழுவிப் போகலாம். கோடையில் தண்டவாள வேலைக்காக ஏ வழித்தடத்தின் சில பகுதிகளை மூடும் வழக்கமும் உண்டு. 2015 முதல் பல கோடைகளில் வாரக்கணக்கில் மூடினார்கள். கிரேவ் என்று இங்கே நாம் சொல்லும் வேலைநிறுத்தமும் முன்னறிவிப்போடுதான் வரும். முந்தின இரவு, இல்-த-ஃபிரான்ஸ் மொபிலித்தே செயலியில் ஏ வழித்தடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.

நவிகோ ஈஸி அட்டையில் பெயரோ படமோ இல்லை. ஒருவர் பயணம் முடித்தபின் இன்னொருவர் பயன்படுத்தலாம். அட்டை பத்து ஆண்டுகள் செல்லும். அதனால் ஊருக்குக் கொண்டுபோகாமல் இங்கே உள்ள உறவினரிடம் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர்களுக்கு ஆளுக்கு 2 யூரோ மிச்சம். ஆனால் பிள்ளையின் அட்டை மேல் ஒரு பேனாவால் அடையாளம் போட்டுக் கொடுங்கள். மீந்த அரைச்சீட்டு அதில் இருக்க, தெரியாமல் ஒரு பெரியவர் எடுத்துத் தட்டிவிட்டால் கதவு திறந்துவிடும். உள்ளே நிற்கும் பரிசோதகரிடம்தான் மாட்டிக்கொள்வார்.

இப்படிக்கு,
பாரிஸ் வாசகர்